‘இக்திலாத்’: முதுமை மறதி குறித்து ஹதீஸ் அறிஞர்கள் எழுதிவைத்த வரலாறு



ஹதீஸ் கலை பயிலும் மாணவர், அறிவிப்பாளர்களின் வரலாற்று நூல்களைப் புரட்டத் தொடங்கிய சில நாள்களிலேயே ‘இக்திலாத்’ என்ற கலைச்சொல்லைச் சந்திக்கிறார். கலங்குதல், ஒன்றோடொன்று குழம்புதல் என்பது அதன் பொருள். நன்கு மனனமிட்டிருந்த ஓர் அறிஞர் முதுமையில் நினைவு தடுமாறி, ஒரு ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரை மற்றொன்றோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கினால், அன்னாரின் வரலாற்றில் இச்சொல் இடம்பெற்றுவிடும். மத்ரஸாவில் இப்பாடத்தை நடத்துகையில், ஹதீஸின் தரத்தை அறிவதற்கான ஒரு விதி என்ற அளவில் இதைக் கடந்துவிடுவதே வழக்கம். ஆனால், வீட்டில் நினைவு தவறிய ஒரு பெரியவரை வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தின் கண்கொண்டு இதே பக்கங்களைப் படித்தால் வேறொன்று புலப்படும். இன்று டிமென்ஷியா என்றும் முதுமை மறதி நோய் என்றும் நாம் அழைக்கும் துன்பத்தை, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் கூச்சப்படாமல், மூடிமறைக்காமல், ஊரும் ஆண்டும் குறித்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அத்தகைய வெளிப்படைத்தன்மை இன்று நம்மிடம் இல்லை. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து கீழ்புத்துப்பட்டு வழியாகக் கோட்டக்குப்பம் வரை நீளும் இக்கடற்கரையில், இந்நோயுள்ள வீடுகளுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் காதில் விழும் சொல் ‘வயதாகிவிட்டது, அவ்வளவுதான்’ என்பது. சில மாதங்கள் கழித்து அதே வீட்டில் ‘யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு எழுகிறது. தாயத்துக்கும் தகட்டுக்கும் பணம் செலவாகிறது. பெரியவர் ஆலிமாகவோ ஹாஃபிழாகவோ இருந்துவிட்டால் அக்குடும்பத்தின் வேதனை இரட்டிப்பாகிறது. குர்ஆனை நெஞ்சில் சுமந்தவருக்கு இப்படி ஆகலாமா, வெளியே தெரியாத பாவம் ஏதும் இருந்திருக்குமோ என்று ஊர் முணுமுணுக்கிறது. பிள்ளைகள் வெட்கி, அவரைப் பின்கட்டில் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். இந்த முணுமுணுப்புக்கு உரிய பதில் நம் நூல்களிலேயே இருக்கிறது.

கூஃபா நகரில் வாழ்ந்த அதாஉ பின் அஸ்ஸாயிப் (ரஹ்) அவர்களை எடுத்துக்கொள்வோம். குர்ஆன் ஓதும் முறையை அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்) அவர்களிடம் கற்ற காரீ அவர். அல்லாஹ்வின் சிறந்த அடியார்களில் ஒருவர் என்றும், ஒவ்வோர் இரவும் குர்ஆனை ஓதி முடிப்பவர் என்றும் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அவரைப் பற்றிக் கூறியதாக வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 136 அளவில் மறைந்த அப்பெரியாருக்கு இறுதிக் காலத்தில் நினைவு குழம்பியது. அறிஞர்கள் அதற்காக அவருடைய ஈமானை ஐயுறவில்லை. அவர் கற்பித்தவை முழுவதையும் தள்ளிவிடவும் இல்லை. அவரிடம் யார் முன்னர் கேட்டார்கள், யார் பின்னர் கேட்டார்கள் என்று மாணவர்களை வகைப்படுத்தினார்கள். ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ (ரஹ்), ஷுஅபா (ரஹ்) ஆகியோர் முன்னர் கேட்டவர்கள். ஆகவே அவர்கள் வழியாக வருவது ஏற்கப்படும். ஜரீர் பின் அப்தில் ஹமீத் (ரஹ்) போன்றோர் பின்னர் கேட்டவர்கள். அங்கே எச்சரிக்கை தேவை. ஷுஅபா (ரஹ்) கேட்டவற்றிலும் இரண்டே இரண்டு ஹதீஸ்கள் மட்டும் இறுதிக் காலத்தில் கேட்டவை என்று யஹ்யா அல்கத்தான் (ரஹ்) பிரித்துக் காட்டினார்கள். ஒரு மனிதரின் நோய்க்கு முந்திய வாழ்வை அந்த நோய் விழுங்கிவிடாதபடி காக்க எவ்வளவு நுட்பமான உழைப்பு!

குர்ஆனை ஓதுகிறவர் தள்ளாத முதுமையின் அறியாமைக்குத் திருப்பப்படமாட்டார் என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுடன் இணைத்துச் சொல்லப்படும் ஒரு கூற்று பலருக்கும் தெரியும். அதைச் சான்றாக வைத்துத்தான் ஊர் முணுமுணுக்கிறது. அக்கூற்று ஓதுவோருக்கு ஊக்கமூட்டும் நற்செய்தி. நோயுற்றவரை அளக்கும் அளவுகோல் அன்று. அதை அளவுகோலாக்கினால் இரவுதோறும் குர்ஆனை முடித்த அதாஉ (ரஹ்) அவர்களையும் நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டியிருக்கும். அல்லாஹ் தன் திருமறையில் இருமுறை, அந்நஹ்ல் அத்தியாயத்திலும் அல்ஹஜ் அத்தியாயத்திலும், மனிதர்களில் சிலர் அறிந்தபின் ஏதும் அறியாதவராகும் அளவுக்கு முதுமையின் கீழ்நிலைக்குக் கொண்டுசெல்லப்படுவதைப் படைப்பின் ஒரு கட்டமாகவே சொல்கிறான். கருவறை, குழந்தைமை, வாலிபம் என்ற வரிசையில் அதுவும் ஒன்றாக வருகிறது, தண்டனையாக அன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்நிலையிலிருந்து பாதுகாப்புத் தேடிய துஆ புகாரியில் பதிவாகியுள்ளது. ஏழ்மையிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்புத் தேடுகிறோம். அதற்காக ஏழைகளையும் நோயாளிகளையும் பாவிகள் என்பதில்லையே.

இத்தகைய அறிவிப்பாளர்களைத் தொகுத்துத் தனி நூல்களே எழுதப்பட்டன. இப்னுஸ் ஸலாஹ் (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 643) தம் ஹதீஸ் கலை நூலில் இதற்குத் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். ஹலபு நகரத்து அறிஞர் ஸிப்த் இப்னுல் அஜமீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 841, கி.பி. 1438) இவர்களின் பெயர்களை அகரவரிசைப்படுத்தி ஒரு நூல் செய்தார்கள். அவருடைய வாழ்விலேயே ஒரு நிகழ்வு உண்டு. ஒருமுறை பக்கவாதம் தாக்கி, அல்ஃபாத்திஹா உட்பட அனைத்தும் மறந்துபோயிற்று. பின்னர் உடல் தேறி, சிறு குழந்தை கற்பதுபோலச் சிறிது சிறிதாக அவருக்கு மனனம் மீண்டு வந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அல்ஃபாத்திஹாவையே மறந்த நாள்கள் ஒரு பேரறிஞரின் வாழ்வில் இருந்தன. அதை எழுதியவர்கள் அவருடைய மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சவில்லை.

பஸராவில் வாழ்ந்த ஸயீத் பின் அபீ அரூபா (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 156) அவர்களின் செய்தி இன்னொரு வகையில் பயன் தருவது. அவருக்குக் குழப்பம் எப்போது தொடங்கியது என்பதை யஹ்யா பின் மயீன் (ரஹ்) போன்றோர், இப்ராஹீம் பின் அப்தில்லாஹ் என்பவரின் கிளர்ச்சி தோற்கடிக்கப்பட்ட காலத்தை வைத்துக் குறித்தார்கள். அது ஹிஜ்ரி 145. ஊரறிந்த ஒரு பெருநிகழ்வை நட்டகல்லாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்னா பின்னா என்று கேட்டிருக்கிறார்கள். இன்று மருத்துவரிடம் பெரியவரை அழைத்துச் சென்றால் அவர் கேட்கும் முதற்கேள்வியும் இதுவே: எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா, திடீரென வந்ததா? நம் வீடுகளில் ‘கொஞ்ச நாளாகத்தான்’ என்று பதில் வருகிறது. அப்பதிலால் மருத்துவருக்குப் பயனில்லை. நம் கடற்கரைக்கு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலை கடந்த தானே புயல் இருக்கிறது. கொரோனா ஊரடங்கு இருக்கிறது. ஊரடங்குக்கு முன் அத்தா தனியாகக் கடைக்குப் போய்ச் சரியாகச் சில்லறை வாங்கி வந்தாரா? பேத்தியின் நிக்காஹ்வின்போது வந்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்தாரா? இப்படிக் கேட்டுக்கொண்டு, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

திடீர் மாற்றத்தைத் தனியே பார்க்கவேண்டும் என்பதற்கும் நூல்களில் ஒரு சான்று கிடைக்கிறது. அல்மஸ்ஊதீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 160) மகனை இழந்து துக்கத்தில் அமர்ந்திருந்தபோது, அவருடைய பணியாள் பத்தாயிரம் திர்ஹத்துடன் ஓடிவிட்டான் என்ற செய்தி வந்ததாம். திடுக்கிட்டு எழுந்து வீட்டினுள் சென்றவர், நினைவு குழம்பியவராகவே வெளியே வந்தார் என்கின்றனர். இப்னு லஹீஆ (ரஹ்) அவர்களின் தடுமாற்றத்தை அவருடைய ஏடுகள் எரிந்துபோனதோடு இணைத்துச் சொல்வர். ஆகவே ‘இக்திலாத்’ என்று எழுதப்பட்ட அனைத்தையும் இன்றைய டிமென்ஷியா என்று எண்ணிவிடலாகாது. ஓரிரு நாள்களில் ஒரு பெரியவர் தலைகீழாக மாறினால் அது பெரும்பாலும் வேறு நோய்: சிறுநீர்த் தொற்று, உடலில் உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிபோலத் தோன்றும். உரிய சிகிச்சையால் தேறக்கூடியவை இவை. தகடு எழுதுபவரின் வீட்டு வாசலில் காத்திருக்கும் வாரங்களில் நாம் இழப்பது இந்த வாய்ப்பையே.

மருத்துவ உலகம் இந்நோயைத் தெளிவாக அடையாளம் கண்டது மிகத் தாமதமாகத்தான். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் 1901ஆம் ஆண்டு, 51 வயதான அகுஸ்தே என்ற பெண்மணியை மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் பரிசோதித்தார். 1906இல் அப்பெண்மணி இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அங்கே புரதப் படிவுகளும் முறுக்கிய நார்களும் இருப்பதைக் கண்டு, அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் அறிவித்தார். டிமென்ஷியாவை உண்டாக்கும் நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது அவர் பெயர் தாங்கிய அல்சைமர் நோய்தான். அடுத்தது, இரத்தக் கொதிப்பாலும் சர்க்கரை நோயாலும் மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதாகி வருவது. அல்சைமர் நோயில் புதிய நினைவுகளே முதலில் அழிகின்றன. பழையவை நெடுநாள் நிற்கின்றன. காலையில் உண்டதை மறந்தவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பள்ளிவாசல் கட்டியபோது யார் எவ்வளவு கொடுத்தார் என்று சொல்வது நடிப்பன்று.

நம் நாட்டில் இத்தகையோர் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்கும் முயற்சி 1990களில்தான் வலுப்பெற்றது. 1992இல் கேரளத்தில் இதற்கென ஓர் அமைப்பு, இந்திய அல்சைமர் சங்கம், தோன்றியது. தமிழகத்தில் தொடக்க காலக் கிராமப்புற ஆய்வுகளுள் ஒன்று நமக்கு வெகுதொலைவில் நடக்கவில்லை. இதே கடற்கரையில் வடக்கே உள்ள திருப்போரூர் வட்டாரத்தில், சென்னை மனநல மருத்துவர்கள் வீடு வீடாகச் சென்று முதியோரைப் பரிசோதித்து, 60 வயதைக் கடந்தவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருப்பதை 1997இல் வெளியிட்டனர். மேலைநாட்டு நோய் என்றிருந்த எண்ணம் உடைந்தது.

அதன்பின் சென்னையும் வேலூரும் ‘10/66’ என்ற பன்னாட்டு ஆய்வில் பங்கேற்றன. உலகில் டிமென்ஷியா உள்ளோரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை என்பதே அப்பெயரின் பொருள். மேலைநாட்டுச் சோதனைத்தாள் எழுதச் சொல்லும், தேதி கேட்கும். பள்ளிக்கூடமே போகாமல் உப்பளத்தில் வாழ்நாளைக் கழித்த ஓர் அம்மையாருக்குத் தேதி எப்போதுமே தெரிந்ததில்லை. உப்பு வாரும் பருவம் தெரியும், மழை தொடங்கி அளம் மூடும் காலம் தெரியும். ஆகவே கல்வியறிவைச் சாராத சோதனைகள் வகுக்கப்பட்டன. 2008இல் வெளியான முடிவில் வியப்புக்குரிய ஒரு செய்தி இருந்தது. அமெரிக்க வரையறையின்படி கணக்கிட்டால் வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் 0.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே நோய். புதிய சோதனை முறையிலோ அது பல மடங்கு. ஏன் இந்த வேறுபாடு? அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று குடும்பத்தார் சொன்னால்தான் பழைய வரையறை அதை நோய் என்று ஏற்கும். நம் குடும்பங்களில் பெரியவருக்குத் தேநீர் கையில் வந்துவிடுகிறது. மருந்தை மருமகள் எடுத்துக் கொடுக்கிறாள். கணக்கு வழக்கை மகன் பார்க்கிறான். எதுவும் செய்யத் தேவையில்லாதவரால் எது செய்ய முடியவில்லை என்று யாருக்குத் தெரியும்? நாம் காட்டும் மரியாதையே நோயை மறைத்துவிடுகிறது. இதைப் படித்தபோது நான் சற்று நேரம் நூலை மூடிவைத்தேன். பெற்றோரிடம் பணிவின் சிறகைத் தாழ்த்தச் சொன்ன மார்க்கம், அவர்களைக் கவனித்துப் பார்க்கவும் சொல்கிறது அல்லவா?

2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 இலட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகக் கணிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது மிகுதி.

இந்நிலைக்கு ஒவ்வோர் ஊரும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. கேரளத்துக் கிராமங்களில் குழந்தைத்தனம் என்ற பொருளில் ‘சின்னன்’ என்றனர். ஈழத் தமிழர் வழக்கில் ‘அறளை பெயர்தல்’ என்பர். கீழ்புத்துப்பட்டில் ஈழத்திலிருந்து வந்தோர் வாழும் மறுவாழ்வு முகாம் இருப்பதால் இச்சொல் நம் பக்கத்திலும் காதில் விழும். இந்நோயுள்ளோர் அந்தி சாயும் நேரத்தில் ‘வீட்டுக்குப் போகவேண்டும்’ என்று எழுந்து நிற்பது உலகெங்கும் காணப்படும் இயல்பு. பிறந்து வளர்ந்த வீட்டிலேயே அமர்ந்துகொண்டும் அப்படிச் சொல்வார்கள். கடல் கடந்து வந்த முதியவர் ஒருவர் அதைச் சொன்னால் என்ன பதில் சொல்வது? ‘இதுதான் உங்கள் வீடு’ என்று வாதிடுவதால் பயனில்லை. வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள், முற்றத்தில் என்ன மரம் நின்றது என்று கேட்டு, கையைப் பிடித்துச் சற்றுத் தூரம் நடந்துவிட்டுத் திரும்பினால் பதற்றம் தணியும். தேடியலையக் கூடியவரின் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும்.

‘என் சுருக்குப்பையை நீதான் எடுத்தாய்’ என்று மாமியார் மருமகள்மீது பழி சுமத்துவதும் நோயின் பேச்சே. வைத்த இடம் மறந்துபோகிறது. மூளை அந்த வெற்றிடத்தை ஒரு திருடனைக் கொண்டு நிரப்புகிறது. இதை அறியாமல் எத்தனை வீடுகள் பிளந்திருக்கின்றன! பழிச்சொல் கேட்டும் பணிவிடை செய்யும் அந்த மருமகளுக்கு, மாதத்தில் ஒரு நாளாவது மற்ற பிள்ளைகள் வந்து இடம் மாற்றிக்கொள்வது கடமையின் பங்கீடு. பெற்ற பிள்ளைகளின்மீதுள்ள கடமையை வீட்டுக்கு வந்த பெண்ணின் தலையில் முழுவதுமாக ஏற்றிவைப்பதற்கு ஷரீஅத்தில் நான் ஆதாரம் கண்டதில்லை.

தொழுகையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மூவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டது என்ற நபிமொழியின் ஓர் அறிவிப்பில், முதுமையால் அறிவு கலங்கியவரும் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதை அபூதாவூத் (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். அறிவு நீங்கியவருக்குத் தொழுகையும் நோன்பும் கடமையன்று. நோன்புக்கான ஃபித்யாவும் இல்லை. தெளிவும் கலக்கமும் மாறி மாறி வரும் நிலையிலுள்ளவரைப் பற்றி உங்கள் மஹல்லா இமாமிடம் நேரில் விளக்கிக் கேட்டுக்கொள்ளுங்கள். கடமை நீங்கினாலும் ஆறுதல் நீங்குவதில்லை. சிறுவயதில் ஓதிய சூராக்கள் நாவில் நீண்டகாலம் தங்குகின்றன. ரக்அத் எண்ணிக்கை தவறுகிறவரை அருகில் நிறுத்தி ஒருவர் தொழவைக்கலாம். லுஹரை மூன்றுமுறை தொழுதார் என்று சிரிக்கவோ கடியவோ வேண்டாம்.

ஜரீர் பின் ஹாஸிம் (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 170) அவர்களின் பிள்ளைகளைப் பற்றி அப்துர் ரஹ்மான் பின் மஹ்தீ (ரஹ்) சொன்ன செய்தியை இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். அப்பிள்ளைகளும் ஹதீஸ் கற்றவர்கள். தந்தைக்குக் குழப்பம் தொடங்கியதை உணர்ந்ததும், பாடம் கேட்க வருவோரிடமிருந்து அவரை மறைத்துக்கொண்டார்கள். அதனால் குழப்பக் காலத்தில் அவரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. இதுவும் மறைத்தல்தான்; ஆனால் நம் பின்கட்டு மறைப்புக்கு நேரெதிரானது. நோய் ஊருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததால்தான் நூலில் ஏறியது. தந்தையின் வாயிலிருந்து வரும் பிழையான சொல் அவருடைய பெயரால் பரவாமல் தடுத்தார்கள்.

நம் காலத்தில் பாடம் கேட்க வருவோர் இல்லை. கைநாட்டு வாங்க வருவோர் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் சவுக்குத் தோப்புக்கும் மணல்மேட்டுக்கும் விலை ஏறிவிட்டது. நினைவு தவறிய தந்தையைக் காரில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பெருவிரலை மையில் தோய்ப்பவன் மகனாகவே இருக்கிறான். அறிவு நீங்கியவர் செய்யும் விற்பனையும் ஹிபாவும் வஸிய்யத்தும் ஷரீஅத்தில் செல்லாதவை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் தெளிந்த மனநிலை இல்லாதவரின் ஒப்பந்தத்தை ஏற்பதில்லை. ஹதீஸ் அறிஞர்கள் வகுத்த அதே கோடுதான் இங்கும்: கலக்கத்துக்கு முந்திய சொல் நிற்கும், பிந்தியது நிற்காது. ஆகவே நோய் தொடங்கும் நிலையிலேயே, பெரியவர் தெளிவாக இருக்கும் நாளில், கொடுக்கல் வாங்கல், அமானிதம், கடன் ஆகியவற்றைச் சாட்சிகள் முன் எழுதிவைத்துவிடுங்கள். மகள்களையும் அமரவைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்றில்லை. அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கும் மருந்துகள் உள்ளன. இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, செவித்திறன் குறைந்தவருக்குக் கேள்விக்கருவி வாங்கித் தருவது, புகையிலையை விடுவது ஆகியவை நோய்வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளும், படுக்கையில் விழுந்தோருக்கான பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. பராமரிக்கும் பெண்களும் தம் மனச்சுமையைச் சொல்ல இதில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.